ஸூராவோட ஆத்தங்கரை ஓவியத்துல சமூக மாற்றத்தை எங்க தேடுறது? சிம்னிலயா, ஆளுங்ககிட்டயா?

கரைநிழல்:

வணக்கம் நண்பர்களே. பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் ஸூரா வரைஞ்ச 'ஆனியேரில் குளிப்பவர்கள்' பத்தி உங்ககிட்ட கேக்கணும். 1884ல முடிச்ச படம், இப்ப லண்டன் நேஷனல் கேலரில இருக்கு. பாரிசுக்கு வடமேற்குல ஆனியேர்ங்கிற புறநகர், ஸேன் நதிக்கரை, வெயில்ல சில பசங்களும் ஆளுங்களும் உக்காந்திருக்காங்க, ரெண்டு பேர் இடுப்பளவு தண்ணில நிக்கிறாங்க, தூரத்துல பாலம், அதுக்குப் பின்னாடி பக்கத்து ஊரான க்ளிஷியோட ஃபேக்டரி சிம்னி, லேசா புகை.

இதைப் பத்தி எங்க படிச்சாலும் "தொழில்மயமாதலைக் காட்டுது, பேக்ரவுண்டுல ஃபேக்டரி இருக்கு பாருங்க"ன்னு ஒரு வரில முடிச்சிடுறாங்க. எனக்கு அது பத்தல. சிம்னி மொத்த படத்துல விரல் நகம் அளவு கூட இல்ல, மங்கலான நீலத்துல கரைஞ்சு போயிருக்கு, அதை வெச்சே ஒரு காலமாற்றத்தை சொல்லிட முடியுமா? அப்ப முக்கால்வாசி படத்தை அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற இந்த ஆளுங்க எதுக்கு? ஒரு நிலக்காட்சி ஓவியத்துல இருந்து சமூக மாற்றத்தைப் படிக்கிறதுன்னா எதை ஆதாரமா எடுத்துக்கலாம், எதெல்லாம் நம்மளா ஏத்திச் சொல்றது? போஸ்ட் இம்ப்ரெஷனிஸ்ட் (இம்ப்ரெஷனிஸ்டுகளுக்கு அடுத்து வந்த ஓவியர்கள்) படங்களைக் கொஞ்சம் பொறுமையா பாத்தவங்க யாராவது விளக்கமா சொல்லுங்க.

—

ஈரமண்:

நல்ல கேள்வி. நான் முதல்ல சைஸ்ல இருந்து ஆரம்பிப்பேன், ஏன்னா மொபைல்ல பாக்கும்போது அது தெரியவே தெரியாது. ரெண்டு மீட்டர் உயரம், மூணு மீட்டர் அகலம். அந்தக் காலத்து பிரான்ஸ்ல இவ்ளோ பெரிய கேன்வாஸை எதுக்கு எடுப்பாங்கன்னா புராணக் கதை, போர்க்களம், ராஜா, புனிதர் இந்த மாதிரி விஷயத்துக்குத்தான் பெரும்பாலும். ஸூரா அந்த அளவுல பேர் தெரியாத சில ஆளுங்க கரைல சும்மா உக்காந்திருக்கிறதை வரைஞ்சார். அவர் படிச்சது பாரிசோட பெரிய கலைப்பள்ளியான எக்கோல் தெ போஸார்ல, பழைய மரபு ஓவியர் ஆங்க்ரோட சிஷ்யரான லேமான்கிட்ட, அதனால எந்த அளவு எதுக்குன்னு அவருக்கு நல்லாவே தெரியும். ஃபேக்டரிப் பக்கத்து ஆத்தங்கரைல உக்காந்திருக்கிறவனுக்கு கோயில் சுவர் ஓவியத்துல இருக்கிற ஆள் மாதிரி ஒரு நிதானமும் கனமும் கொடுத்திருக்காரு பாருங்க, என்னைக் கேட்டா அந்தப் படத்துல இருக்கிற மிகப்பெரிய சமூகச் செய்தி அதுதான், சிம்னி இல்ல. 1884ல சலோன்ங்கிற பாரிசோட பெரிய வருடாந்திரக் கண்காட்சி நடுவர்கள் படத்தை நிராகரிச்சாங்க, அதே வருஷம் மே மாசம் தனிக் கலைஞர்கள் சேந்து நடத்துன கண்காட்சில வெச்சாங்க, அங்கயும் குடிக்க சாப்பிட விக்கிற அறைல கொண்டு போய் மாட்டிட்டாங்க. அப்ப அவருக்கு 24 வயசு.

ரெண்டாவது இடம். ஆனியேர் ஏன் ஆனியேரா ஆச்சுன்னு பாக்கணும். 1837லயே பாரிஸ்ல இருந்து சான் ஜெர்மேனுக்கு போட்ட ரயில் பாதை இந்த ஊர் வழியாத்தான் ஆத்தைக் கடக்குது. ரயில் வந்ததும் பாரிஸ்காரங்க ஞாயித்துக்கிழமை படகு விட, குளிக்க, குடிக்க, ஆட இங்க வர ஆரம்பிச்சாங்க. அப்புறம் 1853ல இருந்து நகர நிர்வாகி ஓஸ்மான் பாரிசை இடிச்சு கட்டுனாரு, நகரத்து நடுவுல வாடகை ஏறுச்சு, ஏழைங்களும் தொழில்களும் வெளி ஓரத்துக்குத் தள்ளப்பட்டாங்க, எதிர்ல க்ளிஷில ஃபேக்டரியும் கேஸ் தொட்டியும் வந்துச்சு. ஆக பொழுதுபோக்கும் ஃபேக்டரியும் ஒரே ரயிலைப் பிடிச்சு ஒரே கரைக்கு வந்து சேந்ததுதான் கதை. அந்தப் படத்துல ரெண்டும் ஒரே ஃப்ரேம்ல இருக்கு, ஆனா சண்டை போடல, ரெண்டு பேரும் ஒரே வெளிச்சத்துல நிக்கிறாங்க. இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர் மோனே 1870கள்ல அர்ஜான்த்தேய்ங்கிற ஸேன் கரை ஊர்ல வரைஞ்சபோதும் ரயில் பாலம் வரைஞ்சாரு, பாய்மரப் படகு வரைஞ்சாரு, ஆனா அங்க பெரும்பாலும் வசதியானவங்களோட ஆறுதான் தெரியும். பத்து வருஷம் கழிச்சு ஸூரா படத்துல கரையை யாரு பிடிச்சிருக்காங்கன்னு பாத்தாலே போதும்.

—

தூரக்கோடு:

ஈரமண் சொன்ன சைஸ் விஷயத்தை ஒத்துக்கிறேன், ஆனா ஒரு எச்சரிக்கை. "தொழிலாளிங்க, தொழிலாளிங்க"ன்னு எல்லாரும் சுலபமா சொல்லிட்டுப் போறாங்க, அவங்க தொழிலாளிங்கன்னு நமக்கு யார் சொன்னா? ட்ரெஸ்ஸைக் கழட்டி வெச்சவனோட வேலையை உடம்பை மட்டும் பாத்து சொல்ல முடியாது. முன்னாடி படுத்திருக்கிற ஆளைப் பாருங்க, நாய்க்குட்டியோட, தலைல பௌலர் தொப்பி. 1880கள்ல அந்த உருண்டைத் தொப்பியை கடை சிப்பந்தி போடுவான், ஆபீஸ் குமாஸ்தா போடுவான், லீவு நாள்ல கொஞ்சம் டீசண்டா தெரியணும்னு நினைக்கிற கைத்தொழில்காரனும் போடுவான். ஃபேக்டரி வேலைக்காரன்னு அடிச்சு சொல்ல அது ஆதாரம் ஆகாது. என் பார்வைல அவங்க கீழ் நடுத்தர வர்க்கமும் தொழிலாளியும் கலந்த கூட்டம், அப்படி எந்தப் பெட்டிக்குள்ளயும் சரியா அடங்காம இருக்கிறதுதான் அந்தப் புறநகரோட உண்மையே. பாரிஸ்லயும் சேராம கிராமத்துலயும் சேராம இருக்கிற ஊர்ல, மேல் தட்டுலயும் சேராம கூலிலயும் சேராம புதுசா ஒரு கூட்டம் வளருது. அதைத்தான் நான் மாற்றம்னு சொல்லுவேன்.

இன்னொன்னு, இது ஞாயித்துக்கிழமையான்னு யோசிச்சுப் பாத்தீங்களா? கண்ணை மூடிக்கிட்டு "ஞாயிறு ஓய்வு"ன்னு எழுதுறாங்க. ஆனா பின்னாடி சிம்னில புகை வருது. புகை வந்தா வேலை ஓடுதுன்னு அர்த்தம். அப்ப ஒண்ணு, இது வேலை நாள், இவங்க ஏதோ காரணத்தால வேலைக்குப் போகாம இருக்காங்க. இல்லன்னா ஞாயிறுதான், ஆனா ஃபேக்டரி ஞாயித்துக்கிழமையும் ஓடுது. ரெண்டாவதும் சாத்தியம்தான், ஏன்னா ஞாயித்துக்கிழமை வேலை செய்யக்கூடாதுன்னு இருந்த 1814 சட்டத்தை யாரும் பெருசா கண்டுக்கல, 1880ல அதையும் ரத்து பண்ணிட்டாங்க. வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு கட்டாயம்னு பிரான்ஸ்ல சட்டம் வந்தது 1906ல. நடுவுல இருக்கிற 26 வருஷம், ஓய்வுங்கிறது முதலாளியோட தயவு, வழக்கம், இல்ல தொழிலாளியோட பிடிவாதம், அவ்ளோதான். அந்த இடைவெளிக்குள்ளதான் இந்தப் படம் வருது. அதே 1884 மார்ச்லதான் தொழிற்சங்கம் வெச்சுக்கலாம்னே சட்டம் வந்துச்சு. இதெல்லாம் ஸூரா மனசுல இருந்துச்சுன்னு நான் சொல்ல வரல. ஆனா புகை விடுற சிம்னியையும் சும்மா உக்காந்திருக்கிற ஆளையும் ஒண்ணா பாக்கிற அன்னைக்கு பாரிஸ்காரனுக்கு இந்தக் கேள்வி வராம இருந்திருக்காது.

கரைநிழல் கேட்ட "எது ஆதாரம், எது நம்மளா ஏத்துறது"க்கு என் பதில் இதுதான். படத்துல கண்ணுக்குத் தெரியிறதும் அந்த வருஷத்து நடப்பும் ஒண்ணோட ஒண்ணு இடிக்கிற இடத்தைப் பிடிங்க. அங்க நீங்க எதையும் ஏத்திச் சொல்லத் தேவையில்ல.

—

வெள்ளிக்கெண்டை:

தூரக்கோடு அண்ணா, புகை பாயிண்ட் ரொம்ப நல்லா இருக்கு, ஆனா "உடம்பை வெச்சு சொல்ல முடியாது"ன்னா கழட்டி வெச்ச துணியை வெச்சு சொல்லலாமே! கேலரி சைட்ல பெரிய ரிசல்யூஷன்ல இருக்கு, ஜூம் பண்ணி நடுவுல உக்காந்திருக்கிற பையன் பக்கத்துல பாருங்க. துணிக்குவியல், வைக்கோல் தொப்பி, ஒரு ஜோடி பூட்ஸ். பூட்ஸோட மேல் விளிம்புல, பிடிச்சு இழுத்துப் போடுறதுக்கு தைச்ச வளையம் கூட வரைஞ்சிருக்காரு. அந்தப் பூட்ஸ் ஒரு ஆள் மாதிரியே உக்காந்திருக்கு, அவ்ளோ அழுத்தமா, அவ்ளோ அக்கறையா. முகங்களுக்குக் கூட அவ்ளோ விவரம் கொடுக்கல அவரு. முகம் பாதி நிழல்ல, பக்கவாட்டுல, கண்ணு எங்க பாக்குதுன்னே தெரியாது. அந்தப் பையனோட தோளைப் பாருங்க, முன்னாடி சரிஞ்சு கிடக்கு. அப்படி உக்காரதை நான் சந்தோஷம்னும் சொல்ல மாட்டேன், சோகம்னும் சொல்ல மாட்டேன், உடம்பு ஓஞ்சு போனவன் உக்காரது அது.

அப்புறம் யாருமே கவனிக்காத ஒண்ணு. இந்தக் கரைல ஒரு பொம்பள கூட இல்ல. படம் முழுக்க தேடுனா ஒரே ஒரு பொண்ணுதான், அவங்களும் வலது ஓரத்துல படகுல, வெள்ளைக் குடை பிடிச்சுக்கிட்டு, பக்கத்துல உயரமான கறுப்புத் தொப்பி போட்ட ஆள், படகை வலிக்க வேற ஒருத்தன், பின்னாடி பிரான்சோட மூவர்ணக் கொடி. அதாவது வசதியான பொண்ணுக்கு ஆத்துல இடம் இருக்கு, குளிக்கிறவனோட அக்காவுக்கும் அம்மாவுக்கும் இல்ல. அன்னைக்கு பாரிஸ்ல துணி வெளுக்கிறதும் தேய்க்கிறதும் எத்தனையோ ஆயிரம் பொம்பளைங்களோட பொழப்பு, ஓவியர் தெகா அவங்களை எத்தனை படத்துல வரைஞ்சிருக்காரு. கழட்டிப் போட்ட இந்த வெள்ளைத் துணியை வெளுத்தது யாருன்னு நான் ஒவ்வொரு தடவை பாக்கும்போதும் யோசிப்பேன். ஓய்வு புதுசா வந்துச்சுன்னு சொல்லும்போது யாருக்கு வந்துச்சுங்கிறதையும் படம் காட்டுது, ஆளைக் காட்டாமயே.

படகு எங்க போகுதுன்னு பாத்தா எதிர்ல க்ராந்த் ஜாத் தீவுப் பக்கம். அந்தத் தீவைத்தான் அடுத்து ரெண்டு வருஷம் உக்காந்து வரைஞ்சாரு, 1886ல காட்டுனாரு, இப்ப சிகாகோல இருக்கு. கிட்டத்தட்ட அதே அளவு கேன்வாஸ். ஆனியேர் படத்துல எல்லாரும் வலது பக்கம் திரும்பி இருக்காங்க, க்ராந்த் ஜாத் படத்துல நிறைய பேர் இடது பக்கம் ஆத்தைப் பாத்து நிக்கிறாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா ரெண்டு கரையும் ஒண்ணையொண்ணு பாக்குது. இங்க வெயில், வெறும் உடம்பு. அங்க முன்னாடி பூரா நிழல், இறுக்கிக் கட்டுன ட்ரெஸ், குடை, குரங்கு! தண்ணில நிக்கிற ஆரஞ்சுத் தொப்பி பையன் வாய்ல கைவெச்சு கூப்பிடுற மாதிரி இருக்கான்ல, அவன் அந்தக் கரையைத்தான் கூப்பிடுறான்னு எனக்குத் தோணும். இது என் ஆசை, ஆதாரம் கேக்காதீங்க அண்ணா.

—

தூரக்கோடு:

தங்கச்சி, ஆதாரம் கேக்கல, அந்தப் பையன் விஷயம் நல்ல வாசிப்பு. பூட்ஸ் பாத்தேன், நீ சொன்னது சரிதான். ஆனா குமாஸ்தாவும் பூட்ஸ் போடுவான், அதுல நான் இன்னும் அசையல. கரைல பொம்பளைங்க இல்லங்கிறதுக்கு இன்னொரு சாதாரண காரணமும் இருக்கு, பொது இடத்துல ஆம்பளைங்களோட கலந்து குளிக்க அன்னைக்கு அவங்களுக்கு அவ்ளோ சுலபம் இல்ல. ஆனா கரைல உக்காந்து வேடிக்கை பாக்கக் கூட ஒருத்தர் இல்லங்கிறது ஸூராவோட முடிவு, அதை நீ பிடிச்சது நல்லா இருக்கு.

—

மஞ்சள்கோணம்:

லேட்டா வந்தேன், ஸ்கெட்ச் பத்தி யாரும் சொல்லலையே. இந்தப் படத்தை ஸூரா ஆத்தங்கரைல நின்னு பாத்தபடி வரைஞ்சு முடிக்கல. சின்னச் சின்ன மரப்பலகைல ஒரு டஜனுக்கு மேல எண்ணெய் ஸ்கெட்ச் போட்டாரு, ஆளுங்களுக்கு தனியா கான்டே க்ரேயான்ங்கிற கறுப்பு வரைகோல்ல மாடலை உக்கார வெச்சு வரைஞ்சாரு, எல்லாத்தையும் ஸ்டூடியோல சேத்தாரு. அதனால எது உள்ள வந்துச்சு எது வெளிய போச்சுன்னு நம்மால பாக்க முடியும், கரைநிழல் கேட்ட ஆதாரம் இதைவிட நேரடியா எங்கயும் கிடைக்காது. ஆரம்ப ஸ்கெட்ச்சுகள்ல குதிரைங்க இருக்கு, ஆத்துல இறக்கிக் குளிப்பாட்டுறாங்க. அந்த இடம் குதிரையும் நாயும் கழுவுற இடம்தான். குதிரை கழுவுறது வேலை. கடைசிப் படத்துல குதிரையை எடுத்துட்டாரு, நாயை மட்டும் விட்டாரு. ஒரு ஸ்கெட்ச்ல ஃபேக்டரிக்கு மேல வானவில் கூட இருக்கு, அதுவும் லண்டன் நேஷனல் கேலரிலதான் இருக்கு, அதையும் எடுத்துட்டாரு. வேலையும் போச்சு, அழகுக்காக வெச்ச வானவில்லும் போச்சு. ஆனா சிம்னி நின்னுச்சு. கரைநிழல், சிம்னி சின்னதுதான், ஆனா இத்தனை வடிகட்டுனதுக்கு அப்புறமும் மிஞ்சுன சின்னது அது. அதை லேசா எடுத்துக்காதீங்க.

இன்னொரு விஷயம், இது எல்லாரும் நினைக்கிற மாதிரி புள்ளி புள்ளியா வெச்ச படம் இல்ல. புல்லு பூரா குறுக்கும் நெடுக்குமா கோடு, தண்ணில படுக்கைவாட்டுக் கோடு. புள்ளி முறை அப்புறம்தான் வந்துச்சு, ஆரஞ்சுத் தொப்பில தெரியிற புள்ளிங்க கூட சில வருஷம் கழிச்சு அவரே திரும்ப வந்து வெச்சது. ஆனா வேதியியலாளர் ஷெவ்ரல் 1839ல எழுதுன, பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒண்ணையொண்ணு தூக்கிக் காட்டும்ங்கிற நிற முரண் விதியை இங்கயே பிடிச்சுட்டாரு. உடம்புல நிழல் விழுற ஓரத்துல பக்கத்துத் தண்ணி வெளிறும், உடம்பு வெளிச்சமா இருக்கிற ஓரத்துல தண்ணி கருக்கும். ஒவ்வொரு ஆளைச் சுத்தியும் ஒரு மெல்லிய ஒளிவிளிம்பு மாதிரி அது. அதனாலதான் எல்லாரும் பக்கத்துல பக்கத்துல இருந்தும் தனித்தனியா வெட்டி வெச்ச மாதிரி தெரியிறாங்க, யாரும் யாரோடவும் பேசல, தொடல. கூட்டமா இருந்தும் தனியா இருக்கிறது, அது அந்தக் காலத்து பெருநகரம் கொண்டு வந்த புது நிலைமை. அதை அவர் கதையா சொல்லல, ஓரத்துல நிறத்தை மாத்தியே சொல்லிட்டாரு.

ஸூராவோட நண்பரான ஓவியர் சின்யாக்கையும் பாத்துடுங்க. 1886ல 'க்ளிஷியின் கேஸ் தொட்டிகள்'னு வரைஞ்சாரு, இப்ப மெல்போர்ன்ல இருக்கு. ஸூரா தூரத்துல வெச்சதுக்குப் பக்கத்துலயே போய் நின்னுட்டாரு அவரு. 1887ல வான்கா பாரிஸ்ல தம்பி தியோவோட தங்கியிருந்தப்ப ஆனியேர் பக்கம் வந்து ஸேன் பாலங்களை வரைஞ்சாரு, மேல ரயில் ஓடுது, கீழ ஒரு பொண்ணு சிவப்புக் குடையோட நடந்து வருது. அதே வருஷம் எமில் பெர்னார்ங்கிற ஓவியரும் அதே இரும்புப் பாலங்களை வரைஞ்சாரு, ஆளுங்க வெறும் கறுப்பு நிழலாட்டம் ஆயிட்டாங்க. மூணு வருஷத்துக்குள்ள அதே வளைவுல ஆள் சுருங்கி இரும்பு பெருசாயிடுச்சு. மாற்றத்தைப் படிக்கணும்னா ஒரே படத்தை முறைச்சுப் பாக்கிறதைவிட ஒரே கரைல நாலு பேர் என்ன பாத்தாங்கன்னு வரிசையா வெச்சுப் பாக்கிறது எனக்கு நம்பிக்கையான வழி.

—

கரைநிழல்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ எதிர்பாக்கல. குதிரையை எடுத்துட்டு சிம்னியை விட்டாருங்கிறதும், 1880க்கும் 1906க்கும் நடுவுல இந்தப் படம் வருதுங்கிறதும் எனக்குப் பெரிய பிடிமானம். இன்னொரு சந்தேகம், பாரிசோட பெரிய சாக்கடை ஆனியேர் பாலத்துக்கிட்டதான் ஆத்துல விழுந்துச்சுன்னு படிச்சேன். அப்படின்னா தண்ணி இவ்ளோ சுத்தமா நீலமா இருக்கிறது பொய்யா? ஸூரா அழகுபடுத்திட்டாரா?

—

ஈரமண்:

சாக்கடை விஷயம் உண்மை. ஓஸ்மான் காலத்துல பொறியாளர் பெல்க்ரான் கட்டுன பெரிய கழிவுக்கால்வாய் க்ளிஷில வந்து ஸேன்ல கலந்துச்சு. 1880 கோடைல பாரிசே நாத்தத்துல தவிச்சு அது பெரிய பொதுப் பிரச்சனையா ஆச்சு. அதுக்கு மூணு நாலு வருஷத்துலதான் இந்தப் படம். ஆனா பொய்ன்னு சொல்லிட முடியாது, ஆறு ஓடுற திசையைப் பாருங்க. இந்த இடத்துல ஸேன் குர்பெவ்வா பக்கத்துல இருந்து ஆனியேர் வழியா க்ளிஷிக்குப் போகுது. படத்துல நம்ம நீரோட்டம் போற பக்கம்தான் பாத்துக்கிட்டிருக்கோம், பாலம் கீழ்ப்பக்கம் இருக்கு, கால்வாய் வாய் அதுக்கும் அந்தப் பக்கம். அதனால இவங்க குளிக்கிற தண்ணில அந்தக் கழிவு இன்னும் கலக்கல. ஆனா அவங்க கண்ணுக்கு எட்டுற தூரத்துல, அந்தப் பாலத்துக்குப் பின்னாடி, ஆறு வேற ஆறா மாறுது. நகரம் தன்னோட வேண்டாததை எல்லாம் எந்தப் பக்கம் தள்ளுச்சோ அந்தப் பக்கத்துக்கு ரெண்டு எட்டு முன்னாடி உக்காந்திருக்காங்க இவங்க.

தூரக்கோடு, பௌலர் தொப்பில நீங்க சொன்னதை நான் ஏத்துக்கிறேன், ஆனா அந்தத் தொப்பிக்காரன் ட்ரெஸ்ஸோட, முதுகைக் காட்டிப் படுத்திருக்கான், பின்னாடி உக்காந்திருக்கிறவன் தொப்பி வேற, வைக்கோல். ஒருவேளை ஒரே கரைல ரெண்டு தரமும் இருக்காங்களோ?

—

தூரக்கோடு:

இருக்கலாம். வைக்கோல் தொப்பியை படகு விட வந்த பணக்காரப் பையனும் போடுவான், அதனால தொப்பியை வெச்சு முடிவு கட்ட வேண்டாம். ஆனா ஒருத்தன் வெள்ளைக் கோட்டைக் கழட்டாம படுக்கிறதும் மத்தவன் பூட்ஸ் வரைக்கும் கழட்டுறதும் வித்தியாசம்தான். கரைநிழல், எழுதும்போது "தொழிலாளிங்க"ன்னு ஒரே வார்த்தைல அடைக்காம, படகுல போறவங்க, படுத்திருக்கிறவன், தண்ணில இறங்குனவன்னு மூணா பிரிச்சு எழுதுங்க. படமே அப்படித்தான் பிரிச்சு வெச்சிருக்கு.